கூலிக்கு வீசும் கை

ராணிப்பேட்டையில் 'ஜாப் ஒர்க்' என்ற சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தோல் வேறொருவருடையது; டிரம்மும் கையும் நம்முடையவை. ஊறவைத்து, சுண்ணாம்பு போட்டு, சதை சீவி, பதப்படுத்தி, முதலாளி கேட்ட பக்குவத்தில் கொடுத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தோல் ஆம்பூரில் ஷூவாகி ஐரோப்பாவில் ஒரு கடையின் அலமாரியில் நிற்கும்போது, அதன் மேல் பதித்திருக்கும் பெயர் நம்முடையதாக இராது. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகை நெடுக எத்தனையோ தோல் ஷாப்புகள் இப்படித்தான் ஓடுகின்றன. வேலை சுத்தமாக இருந்தால் அடுத்த லாட் வரும். பிசகினால் வராது.

அமெரிக்காவில் பேஸ்பால் எழுதுபவர்கள் ஒருவகைப் பந்துவீச்சாளரை 'ஜர்னிமேன்' என்று அழைக்கிறார்கள். ஜர்னி என்றால் பயணம், ஆகவே ஊர் ஊராகப் போகிறவர் என்று நம்மில் பலர் பொருள் கொள்கிறோம். சொல்லின் வேர் வேறு. ஒரு பகல் பொழுதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. தொழில் கற்று முடித்தவர், கை தேர்ந்தவர், ஆனால் சொந்தப் பட்டறை இல்லாததால் நாள் கணக்கில் கூலி வாங்குபவர் என்பதே அதன் பொருள். அதாவது, ஜாப் ஒர்க் செய்பவர். நட்சத்திரமும் இல்லை, தோற்றுப்போனவரும் இல்லை. எந்த அணிக்கும் நிரந்தரமாகத் தேவைப்படாதவர், ஆனால் ஏதாவது ஓர் அணிக்கு எப்போதும் தேவைப்படுபவர்.

இப்படிப்பட்ட கைகளின் வாழ்க்கையைத் தேடிப்போனபோது என்னைப் பிடித்து நிறுத்திய கேள்வி, யார் எவ்வளவு சம்பாதித்தார் என்பதல்ல. யாருடைய உழைப்பு எழுதி வைக்கப்பட்டது, யாருடையது காற்றோடு போனது என்பதுதான்.

எட்வின் ஜாக்சனை எடுத்துக்கொள்வோம். 1983இல் அன்றைய மேற்கு ஜெர்மனியின் நொய்-உல்ம் நகரில், அமெரிக்கப் படையில் பணியாற்றியவரின் மகனாகப் பிறந்தவர். 2003 செப்டம்பர் 9, தம் இருபதாவது பிறந்தநாளில், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக முதல் பெரிய ஆட்டத்தில் இறங்கி, ராண்டி ஜான்சன் என்ற மாபெரும் வீச்சாளரை எதிர்த்து வென்றார். பெரிய நட்சத்திரமாக வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். வரவில்லை. மாறாக 14 மேஜர் லீக் அணிகளுக்கு வீசினார். அது ஒரு சாதனை. அதற்கு முன் ஆக்டேவியோ டோடெல் 13 அணிகளுக்கு ஆடியிருந்தார்.

2010 ஜூன் 25 அன்று அரிசோனா அணிக்காக ஜாக்சன் ஒரு 'நோ ஹிட்டர்' வீசினார். எதிரணி ஒருவராலும் ஒரு 'ஹிட்' கூட எடுக்க முடியாத ஆட்டம் அது. பல நல்ல வீச்சாளர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்க்காதது. அன்று அவர் வீசிய பந்துகள் 149. எட்டுப் பேருக்கு 'வாக்' கொடுத்தார், அதாவது குறி தவறி வீசி அவர்களை முதல் தளத்துக்குச் சும்மா விட்டார். பிசிறும் அருமையும் ஒன்றாகக் கலந்த ஆட்டம். அடுத்த மாதம் 30ஆம் தேதி அதே அணி அவரைச் சிகாகோவுக்கு மாற்றிவிட்டது. மறு ஆண்டு ஜூலை 27 அன்று இன்னும் விசித்திரம்: சிகாகோ அவரை டொரன்டோவுக்குக் கொடுத்தது, டொரன்டோ அதே நாளில் செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை வென்றது. எட்டாண்டுகள் கழித்து, 2019இல், அவர் உண்மையிலேயே டொரன்டோவின் சட்டையைப் போட்டபோதுதான் அது அவருடைய 14ஆவது அணியானது.

மொத்தக் கணக்கு: 107 வெற்றி, 133 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 4.78. சுமாரான எண்கள்தான். ஆனாலும் 17 பருவங்கள் அவரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நல்ல கூலிக்காரருக்கு இதைவிட மேலான நற்சான்று இல்லை என்பேன்.

அணி மாறுவது நெடுங்காலம் ஒரு வீச்சாளரின் உரிமையாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1975 வரை அமெரிக்க ஒப்பந்தங்களில் இருந்த ஒரு பிரிவு, ஆட்டக்காரரை ஒரே முதலாளியிடம் ஆண்டுக்கு ஆண்டு கட்டிப்போட்டது. முதலாளி விற்கலாம், ஆட்டக்காரர் விலகக்கூடாது. அதை உடைத்த 1975 டிசம்பர் தீர்ப்பு ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி என்ற இருவரின் வழக்கில் வந்தது. இருவருமே பந்துவீச்சாளர்கள். தீர்ப்பளித்த நடுவர் பீட்டர் சைட்ஸை முதலாளிகள் உடனே வேலையை விட்டு அனுப்பினார்கள். தீர்ப்பு நின்றது. மேஜர் லீக்கில் ஒருவர் 43 நாட்கள் அணிப் பட்டியலில் இருந்தாலே ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும் என்ற விதியும் ஆட்டக்காரர்கள் இப்படிச் சங்கம் கட்டிப் போராடிப் பெற்றதே.

மேல்தட்டில் இப்படி. கீழ்த்தட்டு, அதாவது மைனர் லீக், நெடுங்காலம் வேறு உலகமாக இருந்தது. ஏ நிலை ஆட்டக்காரருக்கு 2022இல்கூட ஆண்டுக்குச் சுமார் 11,000 டாலர்தான் குறைந்தபட்சம். பேருந்திலேயே தூங்கி, ஒரு வீட்டில் ஐந்தாறு பேராகத் தங்கி, குளிர்காலத்தில் வேறு வேலை தேடிப் பிழைத்தார்கள். 2022 செப்டம்பரில் சங்கம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2023 ஒப்பந்தத்தில் அந்த 11,000 என்பது 26,200 ஆனது.

இந்தக் கீழ்த்தட்டுக்குத்தான் நம் நாட்டு இளைஞர் இருவர் போனார்கள்.

2008இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற பெயரில் இந்தியா முழுக்க ஒரு போட்டி நடந்தது. ஜே. பி. பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க முகவரின் யோசனை அது. கிரிக்கெட் ஆடும் தேசத்தில் வேகமாக எறியும் ஒரு கை இல்லாமலா போகும் என்று கணக்குப் போட்டார். ஏறத்தாழ 37,000 பேர் வந்து எறிந்தார்கள். வென்றவர்கள் கிரிக்கெட் வீரர்கள் அல்ல. லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும். ரிங்கு மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து 1,00,000 டாலர் பரிசு வென்றார். அவர் பிறந்த பதோஹி, கம்பளம் நெய்யும் ஊர்களின் மாவட்டம். தந்தை லாரி ஓட்டியவர். இருவரும் அதுவரை பேஸ்பால் பந்தைக் கையில் தொட்டதில்லை.

கலிபோர்னியாவில் டாம் ஹவுஸ் என்ற முன்னாள் வீச்சாளரிடம் சில மாதங்கள் பயின்றார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அமைப்பு இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளில், புளோரிடாவில் கல்ஃப் கோஸ்ட் லீக்கில் இறங்கினார்கள். அதே மாதம் 13ஆம் தேதி ரிங்கு தொழில்முறை பேஸ்பாலில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் ஆனார். 2014இல் டிஸ்னி இதைப் படமாக எடுத்தது, இசை ஏ. ஆர். ரஹ்மான். படம் இருவரும் ஒப்பந்தம் பெறுவதோடு முடிந்துவிடுகிறது. கூலிக்காரரின் வாழ்க்கை அங்கேதான் தொடங்குகிறது என்பதால் படத்தைவிடப் பின்கதையே எனக்கு முக்கியம்.

தினேஷை 2010 டிசம்பரில் விடுவித்தார்கள். ரிங்கு நின்றார். வெளியே யாரும் கவனிக்காத ஆட்டங்களில் படிப்படியாக ஏறினார். 2012இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் என்ற ஏ நிலை அணிக்கு 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் வீசினார், சராசரி 3.00, 65 பேரை 'ஸ்டிரைக் அவுட்' செய்தார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் சும்மா இருக்கவில்லை, ஆஸ்திரேலியாவின் கான்பெரா அணிக்குப் போய் வீசினார். ஒரு பருவம் முடிந்தால் பூமியின் மறுபாதியில் இன்னொரு பருவம்: இதுதான் ஜர்னிமேன் ஆண்டு. பிறகு முழங்கை போனது. டாமி ஜான் அறுவைச் சிகிச்சை, மீட்சி, மீண்டும் வலி என்று 2013, 14, 15 ஆகிய மூன்று பருவங்களும் கரைந்தன. 2018இல் அவர் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்கு ஒப்பந்தமானார்.

டாமி ஜான் என்பது மருத்துவரின் பெயரல்ல, நோயாளியின் பெயர். 1974 செப்டம்பரில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர், டாட்ஜர்ஸ் வீச்சாளர் டாமி ஜானின் கிழிந்த முழங்கைத் தசைநாருக்குப் பதிலாக அவருடைய மறுகையிலிருந்து ஒரு நாரை எடுத்துப் பொருத்தினார். தொழில் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தவர் 1976இல் திரும்பி வந்து மேலும் 164 ஆட்டங்களை வென்றார். வீசும் கை இப்படி உடையும், அதைத் தைத்து ஓட்டலாம் என்ற அறிவே அன்றிலிருந்துதான்.

பேஸ்பால் வீச்சாளர் முழங்கையை மடக்கி நீட்டித்தான் எறிகிறார். அவருடைய வேகத்தில் அதற்கும் பங்கு உண்டு. கிரிக்கெட்டில் அதே செயல் குற்றம். 15 பாகைக்கு மேல் கை நீண்டால் பந்து 'நோ பால்', வீச்சாளர் சந்தேகத்துக்குரியவர். ஒரே உடல், ஒரே மூட்டு. ஒரு நாட்டில் பிழைப்பு, இன்னொரு நாட்டில் பழி.

அந்தப் பழியைச் சுமந்தவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் த. நடராஜன். 1991இல் பிறந்தவர். தந்தை விசைத்தறிக் கூலி. தாய் சாலையோரம் கோழிக்கறிக் கடை வைத்திருந்தார். இருபது வயது வரை அவர் தோல் பந்தில் ஆடியதில்லை, டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரரும் வழிகாட்டியுமான ஜெயப்பிரகாஷின் ஊக்கத்தில் சென்னைக்கு வந்து, தமிழ்நாடு கிரிக்கெட் சங்க லீக்கின் நான்காவது டிவிஷனில் பிஎஸ்என்எல் அணியில் தொடங்கினார். பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், அதற்குப் பிறகு ஜாலி ரோவர்ஸ். 2015 ஜனவரியில் கொல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராக முதல் ரஞ்சி ஆட்டம். அந்த ஆட்டத்திலேயே அவருடைய வீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 23 வயதில், கனவு கைக்கு எட்டிய அதே வாரத்தில், கை தவறு என்றார்கள். முன்னாள் சுழல் வீச்சாளர் சுனில் சுப்பிரமணியம் உள்ளிட்டவர்களிடம் அமர்ந்து, கையைப் பிரித்துப் போட்டு மறுபடி சேர்ப்பதுபோல் ஓட்டம், தாவல், தோள் எல்லாவற்றையும் மாற்றினார்.

2016இல் டிஎன்பிஎல் என்ற தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. திண்டுக்கல் அணியில் அவருடைய யார்க்கர்கள் பேசப்பட்டன. 2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. 2018இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டம்கூட இல்லை. வலைப்பயிற்சியில் மட்டும் வீசினார். 3 கோடியிலிருந்து 40 லட்சத்துக்கு இறங்கியவர் ஊருக்குத் திரும்பி வேறு வேலை பார்த்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வலையில் வீசிக்கொண்டே இருந்தார். 2020இல் 16 ஆட்டங்களும் கிடைத்தன. எலிமினேட்டர் ஆட்டத்தில் ஏ. பி. டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கரைத் தமிழ்நாடே பார்த்தது.

அதற்குப் பிறகு ஆஸ்திரேலியா. 'நெட் பவுலர்' என்ற பொறுப்பில் போனார். நெட் பவுலர் என்றால் மற்றவர்கள் பயிற்சி எடுப்பதற்காக வீசுபவர். அணியில் பெயர் இராது, ஸ்கோர் அட்டையில் பெயர் இராது. ஜாப் ஒர்க்கின் உச்சம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். வருண் சக்கரவர்த்தியின் தோள் காயம் டி20 அணியில் இடம் கொடுத்தது. 2020 டிசம்பர் 2, கான்பெராவில் முதல் ஒருநாள் ஆட்டம்; முதல் விக்கெட் லபுஷேன். இரண்டு நாள் கழித்து அதே ஊரில் முதல் டி20, 30 ரன்னுக்கு 3 விக்கெட். ரிங்கு சிங் என்ற இந்தியக் கை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கூலிக்கு வீசிய அதே கான்பெரா. பந்து வேறு, ஊர் ஒன்று.

டெஸ்ட் தொடருக்கும் நெட் பவுலராகவே தங்கவைத்தார்கள். ஐபிஎல் சமயத்தில் பிறந்த மகளை அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் காயம்பட, 2021 ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் இந்தியாவின் 300ஆவது டெஸ்ட் வீரராக இறங்கினார். 78 ரன்னுக்கு 3 விக்கெட். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றிராத அந்த மைதானத்தில் இந்தியா வென்றது. கோப்பையை அணித்தலைவர் ரஹானே அவர் கையில் கொடுத்தார். ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமானார்.

மார்ச் 2021இல் புனேயில் இங்கிலாந்தின் சாம் கரனுக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன்னைக் காத்துக் கொடுத்தார். இந்தியா 7 ரன்னில் வென்றது. அதன் பின் முழங்கால் அறுவைச் சிகிச்சை, ஏறி இறங்கிய பருவங்கள். இந்தியாவுக்காக 2021 மார்ச் வரை ஒரு டெஸ்ட், 2 ஒருநாள், 4 டி20. அதற்குப் பிறகு ஐபிஎல் ஏலங்கள்: 2022இல் ஹைதராபாத் 4 கோடி, 2025க்கு டெல்லி 10.75 கோடி. அந்தப் பத்தே முக்கால் கோடிப் பருவத்தில் அவருக்குக் கிடைத்த ஆட்டங்கள் இரண்டுதான். சின்னப்பம்பட்டிப் பையன் கோடீஸ்வரர் ஆனார் என்று பத்திரிகைகள் எழுதின, அது உண்மையே. ஆனால் 2015 முதல் 2025 வரையிலான வரிசையைச் சேர்த்துப் பார்த்தால் நான் காண்பது ஒரு நட்சத்திரத்தின் பாதையை அல்ல, தேர்ந்த கூலிக்காரரின் பாதையை. கூப்பிட்டபோது போனார், உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தார், கொடுத்த ஓவரைச் சுத்தமாக முடித்தார். இது அவரைக் குறைத்துச் சொல்வதல்ல. ஜாக்சனுக்குச் சொன்னதையே இவருக்கும் சொல்கிறேன்.

ஆனால் இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஜாக்சன் பதினேழு வயது முதல் மைனர் லீக்கில் வீசிய ஆட்டங்கள் அத்தனையும் எழுத்தில் இருக்கின்றன. ரிங்கு சிங் ஏறிய படிகளும் அப்படியே. இன்று ராணிப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு 2012இல் அவர் வீசியது 72 இன்னிங்ஸ் என்று நான் எழுத முடிகிறது. நடராஜன் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் எத்தனை ஓவர் வீசினார்? எந்தெந்த ஊரில்? அந்த யார்க்கர் எந்த மைதானத்தில் பிறந்தது? ஒரு எழுத்தும் இல்லை.

யார்க்கர் ஏன் அங்கே பிறந்தது என்று மட்டும் ஊகிக்கலாம். டென்னிஸ் பந்துக்குத் தையல் இல்லை, ஸ்விங் குறைவு. எல்லைக்கோடு கிட்டத்திலிருக்கும். பந்து தரையில் பட்டு எழும்பினால் யார் வேண்டுமானாலும் தூக்கி அடிக்கலாம். அடிக்க முடியாத ஒரே இடம் மட்டையின் அடி. அங்கே ஓவருக்கு ஆறு பந்தும் போடக் கற்றவனுக்குத்தான் அடுத்த வாரம் அழைப்பு வரும். பல்லாயிரம் முறை வீசி வந்த பக்குவம் அது. தோல் ஷாப்பில் கையால் தடவிப் பார்த்தே தோலின் பதம் சொல்லும் பெரியவருக்கு இருக்கிற பக்குவம் போன்றது. அதற்கு எந்தப் புத்தகமும் இல்லை.

பதிவில்லாக் கைகளின் துயரத்தை அமெரிக்காவும் அறியும். சாட்செல் பேஜ் 1906இல் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். மேஜர் லீக்கில் கறுப்பினத்தவருக்கு இடமில்லாத காலம். நீக்ரோ லீக் அணிகளில் வீசினார். அது போதாமல், அவருடைய அணியே அவரை ஓர் ஆட்டத்துக்கு மட்டும் வேறு அணிகளுக்கு வாடகைக்கு விடும். நம் ஊரில் சொல்லும் 'கெஸ்ட் பிளேயர்' என்பதற்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஊர் ஊராகப் போய், வண்டியிலேயே தூங்கி, குளிர்காலத்தில் கரீபியத் தீவுகளிலும் வீசினார். தாம் 2,500 ஆட்டங்கள் வீசியதாகச் சொல்வார். சரிபார்க்க வழியில்லை. ஜாக்கி ராபின்சன் தடையை உடைத்த மறு ஆண்டு, 1948இல், 42 வயதில் அவரை கிளீவ்லாந்து எடுத்தது. 1965இல், 59 வயதில், கான்சாஸ் சிட்டிக்காக மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்தார். வயோதிகத்தில் அப்படி வீசியவர் இருபத்தைந்து வயதில் எப்படி வீசியிருப்பார்?

அந்தக் கேள்விக்குப் பாதி விடை பின்னாளில் கிடைத்தது. ஆராய்ச்சியாளர்கள் பழைய கறுப்பினப் பத்திரிகைகளைப் புரட்டி, அவற்றில் அச்சாகியிருந்த ஆட்டக் கட்டங்களை ('பாக்ஸ் ஸ்கோர்') பல ஆண்டுகள் ஒன்றுசேர்த்தார்கள். 2020 டிசம்பரில் நீக்ரோ லீக்குகளை மேஜர் லீக் என ஏற்றார்கள். 2024 மே மாதம் எண்களும் சேர்க்கப்பட்டன. டை காப் என்ற வெள்ளையரின் வாழ்நாள் மட்டைச் சராசரிச் சாதனை நீக்ரோ லீக் ஆட்டக்காரர் ஜாஷ் கிப்ஸனின் .372க்கு வழிவிட்டது. எண்பது ஆண்டு கழித்து அந்த நீதி சாத்தியமானதற்கு ஒரே காரணம், ஏதோ ஒரு பத்திரிகையில் ஏதோ ஒருவர் அன்றைய ஆட்டத்தை எழுதி வைத்ததுதான். எழுதப்படாத ஆட்டங்கள் திரும்பி வரவே இல்லை.

அந்த ஆட்டக் கட்டத்தை பேஸ்பாலுக்குக் கொடுத்த ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பிறந்தவர். கிரிக்கெட் செய்தி எழுதியவர். கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டையைப் பார்த்துத்தான் அதை அமைத்தார். அவர்களுடைய நோட்டு நம் ஆட்டத்திலிருந்து போனது.

நம்மிடமும் நோட்டு இருந்த இடத்தில் நினைவு இருக்கிறது. வி. வி. குமார் இந்தியாவுக்காக ஆடியது இரண்டே டெஸ்ட். 1961 பிப்ரவரியில் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார், அதே ஆண்டு நவம்பரில் பம்பாயில் இன்னொன்று, அவ்வளவுதான். ஆனால் முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்த 599 விக்கெட்டும் எழுத்தில் இருப்பதால், அவரை இரண்டு டெஸ்ட்காரர் என்று யாரும் ஒதுக்கிவிட முடிவதில்லை. 1972–73 ரஞ்சி இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் இரண்டு நாளும் ஒரு பந்தும் மட்டுமே நடந்தது. தமிழ்நாடு 80க்கும் 61க்கும் சுருண்டது. அந்தப் படுதோல்வியிலும் கல்யாணசுந்தரம் பம்பாய்க்கு எதிராக எடுத்த ஹாட்ரிக் ஐம்பது ஆண்டு கடந்தும் நிற்கிறது. எதிரே நின்று நம்மைச் சுருட்டிய பத்மாகர் சிவால்கர் 589 முதல்தர விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. ஆனாலும் இந்தியக் கிரிக்கெட்டை அறிந்த எவரும் அவர் பெயரை மரியாதையோடுதான் சொல்வார்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு வங்கியிலோ ரயில்வேயிலோ ஒரு வேலையும் இருந்தது. ஆட்டம் முடிந்த பிறகும் சோறு போட்ட வேலை அது.

இன்று முதல்தர ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டவருக்குக் கூலி மோசமில்லை. 2021 முதல், 40 ஆட்டங்களுக்கு மேல் ஆடியவருக்கு நாளொன்றுக்கு 60,000 ரூபாய். துயரம் அந்த வாசலுக்கு வெளியே நிற்பவருடையது. ஜி. பெரியசாமி சின்னப்பம்பட்டியில் நடராஜனிடம் கற்றவர். ஒரு கண்ணில் பார்வைக் குறைவு உள்ளவர். 2019 ஆகஸ்ட் 15 அன்று டிஎன்பிஎல் இறுதியாட்டத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸுக்காக 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தார். அந்த இரவை மறக்க முடியாது. ஐபிஎல் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஆனாலும் அந்த 5 விக்கெட் எழுதப்பட்டுவிட்டது. யாரும் அதை அழிக்க முடியாது. அவருக்குப் பின்னால், அவருக்குச் சமமாக வீசியும் எழுதப்படாமல் போனவர்கள் எத்தனை பேர்?

பேஸ்பாலும் கிரிக்கெட் பந்தும் தோலால் ஆனவை என்பதை எங்கள் பகுதிக்காரன் என்ற முறையில் நான் மறக்க முடியாது. இங்கே ஷூத்தோல் குரோம் ஏறி நீலமாக வருகிறது. பந்துத் தோலுக்குப் படிகாரம். பேஸ்பாலுக்கு அது வெள்ளையாகவே நிற்கும். கிரிக்கெட் பந்துக்கு மீரட்டிலும் ஜலந்தரிலும் சிவப்பு ஏற்றுவார்கள். மேஜர் லீக் பந்து ஒவ்வொன்றிலும் 108 இரட்டைத் தையல். கோஸ்டா ரிகாவின் துரியால்பா என்ற ஊரில் கையால் தைக்கிறார்கள். அந்தப் பந்தை வீசியவர் பெயர் பதிவாகிறது, அடித்தவர் பெயர் பதிவாகிறது. தைத்தவர் பெயர் இல்லை. பெயரில்லாத உழைப்பு எப்படியிருக்கும் என்று பாலாற்றங்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதனால்தான் இங்குள்ள டென்னிஸ் பந்துப் போட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் அதிகம். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் நடத்துகிறோம். ஆறு நாள் ஷூ கம்பெனியிலோ டேனரியிலோ நின்றுவிட்டு ஏழாம் நாள் வீச வருகிறார்கள். கெஸ்ட் பவுலருக்குப் போக்குவரத்தும் கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கிறோம். ஆளுயரக் கோப்பை வாங்குகிறோம், பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி வைக்கிறோம். ஸ்கோரை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுகிறோம். இறுதியாட்டம் முடிந்ததும் அந்த நோட்டு எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. சில குழுக்கள் இப்போது கைப்பேசிச் செயலியில் பந்துக்குப் பந்து ஏற்றுகின்றன. நல்லது. ஆனால் அங்கேயும் வீசியவர் பெயர் பல சமயம் முழுதாக இருப்பதில்லை. பட்டப்பெயரோ 'கெஸ்ட் 1' என்பதோ இருக்கும்.

போட்டி நடத்தும் குழுவினரிடம் என் வேண்டுகோள் இரண்டு. வீச வருபவரின் முழுப்பெயரையும் ஊரையும் எழுதுங்கள். எத்தனை ஓவர், எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்று எழுதி, அந்த நோட்டை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்து வையுங்கள். கோப்பையின் உயரத்தில் ஓர் அடி குறைத்து, அந்தப் பணத்தைக் காயம்படும் பந்துவீச்சாளரின் முழங்காலுக்கும் தோளுக்கும் ஒதுக்கி வையுங்கள். அடுத்த போட்டியிலேயே தொடங்கலாம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.